யாண்டு பன்னிரண்டாவது

சேடா நகர், நவயுக் சொசைட்டி, ஏ விங்.
லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை.
பொதுக்குழு முடிந்த மறுநாள் ஒட்டிய காகிதத்தில்
செக்ரட்டரி பட்டாபிராமன் கையெழுத்து,
அதன் கீழே பச்சை மையில்:
பன்னிரண்டாம் ஆண்டு.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.
எட்டாம் ஆண்டில் அவரை இறக்கினோம்.
நடுவில் நாலு வருஷம்
பி விங் லீனா பிரதான் ஆண்டார்.
புனேயில் மகள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்தபடி
மனிதர் ஆண்டுகளை விடாமல் எண்ணியிருக்கிறார்.

வடாலாவில் மாலைக் கல்லூரியில்
ஐரோப்பா நடத்துகிறவள் நான்.
இந்தக் கணக்கு எனக்குப் பழக்கம்.
அப்பனின் தலை விழுந்த நாளிலிருந்து
எண்ணிக்கொண்டே லண்டனுக்குள் வந்தான் ஒருவன்,
ஆயிரத்து அறுநூற்று அறுபது, மே மாதம்.
அதுவும் யாண்டு பன்னிரண்டாவதுதான்.
நடுவில் போட்ட சட்டமெல்லாம்
போடாத சட்டம் ஆயிற்று.
பாரிஸுக்கு வந்தவனுக்கோ யாண்டு பத்தொன்பது.
வாதம் பிடித்த காலோடு அவன் வண்டி நுழையுமுன்
அடுத்தவன் பட்டாளங்கள் நுழைந்தாகிவிட்டது.
பாதுகையை வைத்துக் காத்த தம்பி
அங்கே எவனுக்கும் வாய்க்கவில்லை.

ஏன் மேடம் திரும்பக் கூப்பிட்டார்கள்,
கேட்பார்கள் பிள்ளைகள்.
பாடப்புத்தகத்தில் ஐந்து காரணம்,
தலா இரண்டு மதிப்பெண்.
ஆறாவது காரணம் நான்.

லீனா பிரதான் பைசா சுத்தமாகக் கணக்குக் காட்டினார்.
தீபாவளி ஆர்கெஸ்ட்ராவை நிறுத்தினார்.
பத்து மணிக்கு மேல் மொட்டை மாடிக்குப் பூட்டு.
கூட்டங்களில் ஆளுக்கு இரண்டு மாரி பிஸ்கெட்,
மூன்றாவதை எடுத்தால் ஒரு பார்வை.
இந்த ஜனவரிப் பொதுக்குழுவில்
என் கை தானாக உயர்ந்தது.
லண்டன் குழாய்களில் அன்று ஒயின் ஓடியதாம்.
எங்களுக்குக் கேசரி. முந்திரி நிறைய.

பிறகு தோண்டி எடுக்கும் படலம்.
அங்கே புதைத்து இரண்டு வருஷம் கடந்த பிணத்தைத்
தூக்கில் போட்டு, தலையைக் கழியில் குத்தினார்கள்.
இங்கே பெயர்ப் பலகையில் ஒரு பெயரைச் சுரண்டினார்கள்,
சுரண்டிய இடம் மற்றப் பெயர்களைவிடப் பளிச்சென்று தெரிகிறது.
அவர் நட்ட இரண்டு புங்கங்கன்றும் போயின,
கார் திருப்ப இடைஞ்சலாம்.

அதுவரை எனக்குச் சிரிப்புதான்.

ஒரு திங்கட்கிழமை, லிஃப்ட் கதவில்
மராத்தியிலும் ஆங்கிலத்திலும், அதே பச்சை மை.
ஏழாம் மாடி வரை நாலு வருஷமாய்
லிஃப்டில் போய் வந்த இசக்கியம்மாள்
"இதுல என்ன போட்டிருக்கு டீச்சர்?" என்றாள்.
வேலைக்கு வருபவர்கள் படி வழியே,
படித்துச் சொன்னேன்.
"பழையபடியா" என்றாள்,
வாளியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.
தாராவியிலிருந்து இரண்டு பஸ்,
அதற்குப் பிறகு நூற்று முப்பத்தாறு படி.
அவளுக்கு இது யாண்டு எத்தனையாவது என்று
நான் கேட்கவில்லை.

இப்போது ஜூலை.
பாரிஸில் மீண்டு வந்த முடி
பதினாறு வருஷம் இருந்துவிட்டு
ஒரு ஜூலையில் மூன்றே நாளில் போயிற்று;
இன்று மாலை அதுதான் பாடம்.
ராத்திரி பெய்த மழையில்
கீழ்க்குழிக்குள் தண்ணீர் இறங்கி
லிஃப்ட் நின்றுவிட்டது.

காலை எட்டரை. நான்காம் மாடித் திருப்பம்.
பட்டாபிராமன் ஏறி வருகிறார்,
முட்டியில் ஒரு கை, படிக்கொரு பெருமூச்சு.
இசக்கியம்மாள் இறங்கி வருகிறாள்,
தளும்பும் வாளி, கக்கத்தில் துடைப்பம்.
அந்தத் திருப்பத்தில் ஒருவர்தான் போகலாம்.
மறு பாதியை அடைத்துக்கொண்டு
என் வீட்டுச் செருப்பு அலமாரி.

இருவரும் நிற்கிறார்கள்.
கதவைப் பாதி திறந்தபடி நானும்,
கையில் வருகைப் பதிவேடு.